பழைய வண்டியும் சேமவச்சும்

புதுவண்டி வாங்கியவர்க்கு மகிழ்ச்சி ஒன்றே உண்டு. பழவண்டி வாங்கியவர்க்கோ மகிழ்ச்சியோடு ஆராய்ச்சியும் உண்டு. இதனை யான் எந்நூலினும் பயின்றிலேன். 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் வந்து நின்ற வெண்ணிறச் சிறு கார் ஒன்றே எனக்கு இதனைக் கற்பித்தது. அது 2011-இல் செய்யப்பட்ட மாருதி ஆல்ட்டோ. மூன்று உருளைகளும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய பெட்ரோல் வண்டி. எங்களிடம் வந்த நாளில் அதன் தூரமானி 1,38,420 என்று காட்டிற்று. நிலவுலகை நடுக்கோட்டின் வழியே ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஆகும். ஆகவே, எம் வாயிலை அடையுமுன்னரே அவ்வண்டி உலகை மும்முறை வலம்வந்து, நான்காம் வலத்திலும் ஏறக்குறையப் பாதி வழி கடந்திருந்தது. இதனை யான் பெருமையாக எடுத்துரைத்தபோது, தந்தையார், “அப்படியானால் அதற்குக் களைப்பும் இருக்கும்” என்று மட்டும் கூறினார்.

எம் ஊர் சாத்தான்குளத்தை அடுத்த தேரி மணற்பாங்கில் உள்ளது. என் அன்னையார் சிறுநீரக நோயுற்று, வாரந்தோறும் புதனும் சனியும் திருநெல்வேலியிலுள்ள மருத்துவமனை ஒன்றிற்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்கின்றார். குருதியைப் புறத்தே எடுத்து, வடிகட்டித் தூய்மை செய்து, மீண்டும் உடலுட் செலுத்தும் அச்சிகிச்சை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடைபெறும். முடிந்து எழும்போது, உடலில் தேங்கிய நீரெல்லாம் நீங்கி, இரத்த அழுத்தமும் தாழ்ந்து, நிற்கவும் வலுவின்றி இருப்பார். அந்நிலையில் அவரைப் பேருந்தில் ஏற்றிக் கொணர்தல் எத்துணைக் கொடிதென்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வாடகைக் காருக்கோ ஒரு நடைக்கு 2,000 ரூபாய். திங்கள் ஒன்றுக்கு எட்டு நடையோ ஒன்பதோ ஆகும். தொடக்கப் பள்ளி ஆசிரியராகிய தந்தையார் ஆறு திங்கள் அவ்வாறு செலுத்திப் பார்த்தார். பின்னர் ஒரு நாளிரவு, பழைய வினாத்தாளின் பின்புறத்தில் கணக்கிட்டு, எட்டுத் திங்கள் வாடகைக்கு ஒரு பழவண்டியே வந்துவிடும் என்று கண்டார். 1,35,000 ரூபாய் கொடுத்தோம், வண்டி வந்தது.

விற்றவர் நல்லவராகவே தோன்றினார். “எல்லாம் செய்திருக்கிறது” என்று பலமுறை கூறினார். எது செய்யப்பட்டது, எப்பொழுது, எங்கே என்பதற்கு மட்டும் ஒரு சீட்டும் இல்லை. தூரமானியைப் பின்னோக்கித் திருப்பி விற்பாரும் நாட்டில் உளர் என்று கேள்வியுற்றிருந்தமையால், பிரேக்கை மிதிக்கும் கட்டையின் ரப்பர் தேய்வையும், கைபட்டுப் பளபளத்த ஸ்டியரிங்கையும், ஓட்டுநர் இருக்கையின் பள்ளத்தையும் யான் கூர்ந்து நோக்கினேன். அவையெல்லாம் தூரமானியோடு ஒத்திருந்தன. வண்டி தன் வயதை மறைக்கவில்லை. தன் வரலாற்றை மட்டும் மறைத்தது. பழவண்டி வாங்குவார் அஞ்சவேண்டியது ஓடிய தூரத்தையன்று, எழுதிவைக்கப்படாத அவ்வரலாற்றையே என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று. காலந்தோறும் எண்ணெய் மாற்றப்பட்டு நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, கவனிப்பாரற்று ஐம்பதாயிரம் ஓடிய வண்டியினும் நலமாயிருத்தல் கூடும்.

எங்கள் ஊர் முக்கிலே பணிமனை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் உளர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வண்டியை ஒரு பிற்பகல் முழுதும் பார்த்தபின், கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டே, “சார், வண்டியில் இரண்டு வகை உண்டு. சொல்லிவிட்டுப் போகிற சாமான், சொல்லாமல் போகிற சாமான். முதலில் சொல்லாமல் போகிறதைப் பாருங்கள்” என்றார். இலக்கண நூலார் வகுத்த பாகுபாடுகள் பலவற்றை யான் மனனம் செய்துள்ளேன். இத்துணைப் பயனுடைய பாகுபாடு ஒன்றை அதுகாறும் கேட்டிலேன்.

கிளட்ச் தேயுமானால், எஞ்சின் விரைந்து இரைய வண்டி விரையாது. அது சொல்லிவிட்டுப் போவது. சக்கரத்தின் பேரிங் கெடுமானால் நாள்தோறும் முனகும். அதுவும் சொல்லிவிட்டுப் போவதே. டைமிங் பெல்ட்டோ அத்தகையது அன்று. எஞ்சினின் அடியில் உள்ள வளைதண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடுகின்ற தண்டையும் இணைத்து, கீழது இருமுறை சுழல மேலது ஒருமுறை சுழலுமாறு ஒழுங்கு செய்யும் பற்களையுடைய ரப்பர் வார் அது. மூடியொன்றின் உள்ளே மறைந்திருப்பது. தேய்வதும் தெரியாது, இரைவதும் இல்லை. அறுந்தால் அக்கணமே எஞ்சின் நிற்கும். சில எஞ்சின்களில் உருளையின் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். அவ்வாறு ஆகாத எஞ்சினிலும் வண்டி நின்ற இடத்தினின்றும் பெயராது.

இனி எங்கள் பொருள்நிலையைக் கூறுவேன். வண்டி வாங்கியபின் எஞ்சியது 24,000 ரூபாய். அண்ணாச்சி கூறிய செலவுகளோ இவை: டயர்கள் நான்கிற்கும் 11,200, முன் பிரேக் கட்டைகளும், பின் பிரேக்கில் எண்ணெய் கசிந்த உறுப்புகளும், புதிய பிரேக் எண்ணெயும் சேர்ந்து 3,600, டைமிங் பெல்ட்டும் அதன் உள்ளேயுள்ள எண்ணெய் அடைப்புகளும் கூலியுடன் 3,400, எஞ்சின் எண்ணெய், வடிகட்டிகள், மூன்று பிளக்குகள் 2,300, ரேடியேட்டரைக் கழுவிக் குளிர்நீர் நிரப்பிப் புதிய மூடி இடுவதற்கு 1,100. ஆக 21,600. குளிர்சாதனம் பழுதுற்றிருந்தது, அதற்குத் தனியே 9,000.

இவ்விடத்தே யான் தந்தையாரோடு மாறுபட்டேன். சிகிச்சை முடிந்து துவண்டு வரும் அன்னையாரைச் சித்திரை வெயிலில் தகரக் கூண்டில் ஏற்றிக் கொணர்வதற்கோ வண்டி வாங்கினோம் என்பது என் வழக்கு. கணக்கும் எனக்குத் துணைநின்றது. நான்கு டயர்களுள் இரண்டில், அண்ணாச்சி ‘பட்டன்’ என்று கூறும் மேற்பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. அவ்விரண்டையும் பெல்ட்டையும் கைவிட்டால் 9,000 ரூபாய் மீளும், குளிர்சாதனம் வந்துவிடும், கூட்டுத்தொகை ஒரு ரூபாயும் மாறாது. பெல்ட் மாற்றவேண்டும் என்பது பணிமனைக்காரர் பிழைப்புக்குக் கூறும் சொல் என்றும் யான் உரைத்தேன். அதை இப்பொழுது நினைக்க நாணுகின்றேன்.

அண்ணாச்சி சினங்கொள்ளவில்லை. என்னை அழைத்துச் சென்று, அந்த ‘நல்ல’ டயரின் பக்கத்தே பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1416. முன்னிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. அஃதாவது 2016-ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்யப்பட்டது. ஏறக்குறைய எட்டாண்டு முதிர்ந்த ரப்பர். விரலால் அழுத்தியபோது பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய்திறந்தன. பள்ளத்தின் ஆழத்தை மட்டும் அளந்த யான், டயருக்கும் வயதுண்டு என்பதை மறந்திருந்தேன்.

முடிவைத் தந்தையார் உரைக்குமுன் அன்னையாரே உரைத்துவிட்டார். “வெயிலுக்கு ஈரத்துண்டு போட்டுக்கொள்வேன். வண்டி வழியில் நின்றால் யார் தள்ளுவது? உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி, உனக்குச் சனிக்கிழமைதான் விடுமுறை” என்றார். பிறகு, எண்ணெய் வடிகட்டியை மாற்றும் செலவைக் கேட்டு, “எனக்கும் அதற்கும் ஒரே வைத்தியம் போலிருக்கிறது, அதற்குச் செலவு குறைவு” என்று நகைத்தார். எங்களுக்கு நகைக்க இயலவில்லை.

பெல்ட்டைக் கழற்றிய நாளில் யான் அருகிருந்தேன். மேல்தண்டின் எண்ணெய் அடைப்பு கசிந்து, வாரின் ஒரு விளிம்பு எண்ணெயில் ஊறிப் பருத்திருந்தது. பின்புறமாக வளைத்தபோது பற்களின் அடியில் வெடிப்புகள் தெரிந்தன. யான், “இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்கும், அண்ணாச்சி?” என்று வினவினேன். “ஒரு வருஷமும் ஓடியிருக்கும், தம்பி, நாளைக்கும் அறுந்திருக்கும். தெரிந்திருந்தால் ஏன் மாற்றுகிறோம்?” என்றார்.

அத்திங்களிலேதான் எங்கள் வகுப்பில் புறநானூற்றின் 102-ஆம் பாட்டு நடைபெற்றது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வணிகர் தம் வண்டியில் நெடுவழி செல்லுங்கால், பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும் வழியில் யாது நிகழும் என்று அறிவார் யார் எனக் கருதி, வண்டியின் அடியிலே மற்றோர் அச்சையும் கட்டிச் செல்வர். அச்சேமவச்சுப் போன்றவன் அவ்விளவரசன் என்பது பாட்டின் கருத்து. யான் குறிப்பேட்டில் ‘சேமவச்சு: உதவி அச்சு’ என்று எழுதிக்கொண்டேன். தேர்வுக்கு அது போதும் என்று எண்ணினேன்.

நேயர்களே, இதுவரையும் கூறியதால் நாங்கள் எல்லாம் தெளிந்து செய்தோம் என்று கருதற்க. ரேடியேட்டரைக் கழுவியபோது உள்ளிருந்து செந்நீர் வடிந்தது. முன்னை உரிமையாளர் குளிர்நீருக்கு மாறாக வெறும் கிணற்றுநீரே ஊற்றிவந்ததால் துருப்பிடித்த நீர் அது. மூடியின் ரப்பரும் இற்றிருந்தமையால் புதுமூடி இட்டனர். “குழாய் இரண்டையும் மாற்றிவிடலாம், 700 ரூபாய் ஆகும்” என்று அண்ணாச்சி கூறினார். தந்தையார் பள்ளிக்குச் செல்லவேண்டியிருந்ததால், பார்த்து முடிவுசெய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார். யான் மேற்குழாயை அழுத்திப் பார்த்தேன், உறுதியாகவே இருந்தது. கீழ்க்குழாயைக் காணவேண்டுமாயின் தரையிற் படுத்து நோக்கவேண்டும். யான் படுக்கவில்லை. எஞ்சிய 2,400 ரூபாயும் குளிர்சாதனத்திற்கு முதலாகட்டும் என்னும் நினைவே மேலிட்டிருந்தது. “நன்றாயிருக்கிறது, வேண்டாம்” என்றேன்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணியளவில், திருநெல்வேலியினின்று திரும்பிக்கொண்டிருந்தோம். அன்னையார் பின்னிருக்கையில் ஈரத்துண்டைத் தலையிலிட்டுச் சாய்ந்திருந்தார். வண்டிக்குள் பாகு காய்ச்சுவது போன்றதோர் இனிய மணம் எழுந்தது. பதநீர் காய்ச்சும் பருவமாதலின், பனங்காட்டுக் குடிசையினின்று வரும் மணம் என்று யான் எண்ணினேன். தந்தையார் அவ்வாறு எண்ணவில்லை. முன்மூடியின் இடுக்கில் நீராவி தோன்றியதுதான் தாமதம், வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். குளிர்நீரின் மணம் இனிப்பானது என்று அண்ணாச்சி அவரிடம் என்றோ கூறியிருந்தாராம். கீழ்க்குழாய் கிளிப் இறுக்கிய இடத்தில் பிளந்து, நீர் முழுதும் வழிந்தோடிவிட்டது. அவர் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருப்பாராயின், வெப்பம் மிகுந்து எஞ்சினின் தலைப்பகுதியே கோணியிருக்கும். எங்கள் எட்டுத் திங்கள் வாடகையும் அங்கேயே ஒழிந்திருக்கும்.

அவ்வழியில் பனையன்றி வேறு மரமில்லை. பனைநிழல் எத்தகையது என்பதை எம் நாட்டார் அறிவர்: ஒருவர்க்கு மட்டுமே போதும், அதுவும் ஓரிடத்தில் நில்லாது. அன்னையாரை ஒரு சாக்கின்மேல் அமர்த்தி, நிழல் பெயருந்தோறும் சாக்கையும் பெயர்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது நிமிடம் கழிந்தபின், சந்தைக்குச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய சிறு வண்டிக்காரர் ஒருவர் இரங்கி, அன்னையாரையும் தந்தையாரையும் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். ஊசி ஏற்றிய இடத்தில் இரத்தம் கசியாதிருக்கக் கட்டிய கட்டை மறுகையால் பற்றிக்கொண்டு அவர் அவ்வுயர்ந்த படியில் ஏறியது இன்னும் என் கண்ணில் நிற்கின்றது.

யான் வண்டிக்குக் காவலாயினேன். பொழுது சாயுமளவும் எனக்குத் துணையாயிருந்தது ஔவையார் பாட்டு ஒன்றே. பள்ளத்தையும் மேட்டையும் அவர் கூறியது வழியின் அழகைக் காட்டுதற்கன்று என்று அங்கே உணர்ந்தேன். அவ்வணிகர்க்கு அடுத்த மேட்டில் அச்சு முறியும் என்ற தெளிவு இல்லை. முறியாது என்ற தெளிவும் இல்லை. அத்தெளிவின்மையையே அவர்கள் வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர்.

அந்திப்பொழுதில் அண்ணாச்சி குழாயும் குளிர்நீரும் கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். “புதுமூடி போட்டோமே, அதனால்தான் குழாய் போயிற்று” என்றார். யான் வியந்தேன். பழைய மூடி அழுத்தத்தைத் தாங்காமல் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. அதனால் நலிந்த குழாயும் நாளைக் கடத்திற்று. புதுமூடி முறைப்படி அழுத்தத்தைத் தாங்கவே, அவ்வழுத்தம் முழுதும் குழாயின்மேற் சென்றது. முதிய வண்டியில் ஓர் உறுப்பைச் செம்மை செய்தால், அதற்கு அயலிலுள்ள மெலிந்த உறுப்பு வெளிப்பட்டுவிடும். ஆதலினால்தான் மூடியோடு குழாயையும் மாற்றச் சொன்னாராம். காரணத்தை அன்றே கூறியிருந்தால் யான் கேட்டிருப்பேனா என்பது ஐயமே.

தந்தையார் என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதனைப் பொறாது, அன்றிரவு அன்னையாரிடம் யானே கூறினேன். அவர் கட்டிலில் கிடந்தவாறே, “கீழே இருப்பதைப் பார்க்கக் குனியவேண்டும். உனக்குத்தான் சிறுவயதிலிருந்தே முதுகு வளையாதே” என்றார்.

அதன்பின் வண்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். வாரம் இருமுறை, நடை ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், ஆண்டுக்குப் பத்தாயிரம். ஐயாயிரத்திற்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெய். ஆண்டு முடிவில் காற்று வடிகட்டி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வலிகுன்றும் இயல்பினதாகலின் பிரேக் எண்ணெய் இரண்டாண்டிற்கு ஒருமுறை. பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு கலக்கப்பெற்ற 2025-இல், எரிபொருட் குழாய்களையும் மாற்றினோம். முற்பட்ட காலத்து வண்டிகளின் ரப்பர் அக்கலப்பினை நோக்கிச் செய்யப்பட்டதன்று. குளிர்சாதனமும் ஒருவாறு சீர்பெற்றது. ஆனால் அது சீர்பெற்றது 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், மழை தொடங்கிய வாரத்தில்! பணம் சேர்ந்த நாளும் வெயில் நீங்கிய நாளும் ஒன்றாயின. பின்பெட்டியில் இப்பொழுது ஐந்து லிட்டர் நீரும், மின்னாக்கியைச் சுழற்றும் பெல்ட் ஒன்றும், குழாய் இரண்டும், கிளிப்புகளும், கெட்டிக் கயிறும் உள்ளன. தந்தையார் அதனைச் ‘சாமான் மூட்டை’ என்பர்; யான் கூறும் பெயரை நேயர்கள் ஊகித்துக்கொள்வார்களாக.

இன்னும் ஒரு முடிவைப் பற்றிக் கூறவேண்டும். 2025-இல் கிளட்ச், தன் இயல்பின்படியே, சொல்லத் தொடங்கிற்று. தட்டை மட்டும் மாற்றினால் குறைந்த செலவில் முடியும். அழுத்துத் தட்டும் பேரிங்கும் சேர்த்து முழுதும் மாற்றினால் செலவு இருமடங்கிற்கும் மேலாகும். புதிய வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டிற்கே ஆதலால், 2026-இல் தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பித்தல் வேண்டும் என்பதும் கருத்திற்குரியதாயிற்று. மருத்துவமனையினின்று திரும்பும் வழியில் பணிமனை முன் வண்டியை நிறுத்தி, தந்தையார் வழி கேட்டார். அண்ணாச்சி சன்னலருகே குனிந்து, “அது நீங்கள் சொல்வதைப் பொறுத்தது, சார். இன்னும் எத்தனை வருஷம் இந்த வண்டி உங்களுக்கு வேண்டும்? இரண்டு வருஷம் என்றால் தட்டு போதும்” என்றார்.

வண்டியைக் குறித்தே அவர் கேட்டார். வேறொன்றும் அவர் உள்ளத்தில் இல்லை. தந்தையார் ஸ்டியரிங்கைப் பற்றியவாறே வாளாவிருந்தார். யான் தூரமானியை நோக்கினேன். அதில் நோக்குதற்கு ஒன்றுமில்லை. அப்பொழுது பின்னிருக்கையினின்று அன்னையார், “முழுவதையும் மாற்றிவிடுங்கள், தம்பி” என்றார்.

மாற்றினோம்.

ஓட்டுநர் உரிமம் யானும் பெற்றுள்ளேன். சனிக்கிழமைதோறும் விடுதியினின்று வந்து, திரும்பும் வழியில் யானே ஓட்டுகின்றேன். தந்தையார் பக்கத்தில் அமர்ந்து, முழங்காலை நீட்டிக்கொண்டு, சற்றே கண்ணயர்வார். அன்னையார் அயர்ந்திருப்பார் என்று எண்ணியிருப்பேன், பனங்காட்டை அணுகும்போது பின்னாலிருந்து குரல் வரும்: “ஊசி எங்கே நிற்கிறது?” வெப்பத்தைக் காட்டும் ஊசியையே அவர் வினவுவது. “பாதியில்தான் அம்மா” என்பேன். “சரி” என்று துண்டை முகத்தில் இழுத்துக்கொள்வார்.